கூலியும் அதற்கு மேலும்: மரியன்தால் என்ற ஆலையூர் காட்டிய உண்மை

மரியன்தால், ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குத் தென்கிழக்கே கிராமட்நொய்சீடல் என்ற ஊரோடு ஒட்டிய சிறிய ஆலைக் குடியிருப்பு. 1830-ல் ஹெர்மன் டோடெஸ்கோ என்ற தொழிலதிபர் அங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். ஆலை பெருகப் பெருக ஊரும் பெருகியது. நூற்பு, நெசவு, வெளுப்பு, துணி அச்சு என எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில் நடந்தன. பாட்டன் வேலை செய்த ஆலையிலேயே பேரனும் வேலைக்குப் போனான். ஆணும் பெண்ணும் சம்பாதித்தார்கள். படிப்பகம், நாடகக் குழு, உடற்பயிற்சிச் சங்கம், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உலாவப் பூங்கா என்று ஊருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது.

1929 ஜூலையில் நூற்புப் பிரிவு மூடப்பட்டது. ஆகஸ்டில் அச்சுப் பிரிவும் செப்டம்பரில் வெளுப்புப் பிரிவும் நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. பிறகு ஆலைக் கட்டடங்களையே இடிக்கத் தொடங்கினார்கள். தாங்கள் உழைத்த இடம் கல்லும் மண்ணுமாகக் குவிந்து கிடப்பதைத் தொழிலாளர்கள் தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. ஊரின் மக்கள்தொகை 1,486, குடும்பங்கள் 478. அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்குக் குடும்பங்கள் அரசின் நிவாரணத் தொகையை நம்பி நின்றன.

மனிதருக்கு வேலை எதற்கு என்று கேட்டால், சம்பளத்துக்கு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தப் பதில் எவ்வளவு சரி, எதை விட்டுவிடுகிறது என்பதை அளந்து பார்க்க இந்த ஊர் இடம் கொடுத்தது. வேலையும் பணமும் மனித வாழ்வுக்கு எப்படிப் பொருள் தருகின்றன என்ற கேள்விக்கு இன்றுவரை கிடைத்திருக்கும் ஆழமான விடைகளில் பல, மரியன்தாலில் நடந்த ஆய்விலிருந்து கிளைத்தவை.

ஆய்வு வந்த வழி

வியன்னாவில் இயங்கிய பொருளாதார உளவியல் ஆய்வு நிலையத்தின் இளைஞர்கள் முதலில் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றித்தான் ஆராய விரும்பினார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவுவரிடம் இந்த எண்ணத்தைச் சொன்னபோது அவர் அதை ஏற்கவில்லை. வேலையில்லாமல் மக்கள் தவிக்கும் காலத்தில் ஓய்வைப் பற்றிய ஆய்வு எதற்கு, வேலையின்மையையே ஆராயுங்கள் என்று சொல்லி மரியன்தாலையும் அவரே சுட்டிக்காட்டினார். 1931-ன் இறுதியில் களப்பணி தொடங்கியது. குழுவை நடத்திய பவுல் லாசர்ஸ்ஃபெல்டுக்கு அப்போது 30 வயது. பின்னர் நூலின் பெரும்பகுதியை எழுதிய மரீ யஹோடாவுக்கு 24. மூன்றாமவர் ஹான்ஸ் ட்சைசல். லோட்டே டான்சிங்கர் என்ற இளம் உளவியலாளர் ஊரிலேயே சில வாரங்கள் தங்கி வீடு வீடாகச் சென்றார்.

அந்தக் குழு தனக்கென ஒரு விதி வைத்துக்கொண்டது. வேடிக்கை பார்க்கவோ குறிப்பெடுக்கவோ மட்டும் யாரும் ஊருக்குள் போகக் கூடாது. ஊராருக்குப் பயன்படும் ஒரு வேலையோடுதான் போக வேண்டும். அதன்படி வியன்னாவில் பழைய துணிகளைச் சேகரித்து, எந்த வீட்டுக்கு எது தேவை என்று கேட்டறிந்து கொடுத்தார்கள். மருத்துவர்கள் வந்து இலவசமாகச் சிகிச்சை தந்தார்கள். பெண்களுக்குத் துணி வெட்டும் பயிற்சியும் சிறுமிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பும் நடந்தன. இந்த உறவின் வழியேதான் வீட்டு வரவு செலவு, சாப்பாட்டுக் கணக்கு, அன்றாட நேரக் குறிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள் எல்லாம் குழுவின் கைக்கு வந்தன.

கால்களும் கடிகாரமும்

வேலை போனால் கையில் நேரம் நிறைய இருக்கும், அந்த நேரத்தில் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள், சங்கங்களை வளர்ப்பார்கள் என்று அக்காலத்தில் பலர் எதிர்பார்த்தார்கள். மரியன்தாலில் நடந்தது நேர்மாறு. படிப்பகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1929-க்கும் 1931-க்கும் இடையில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அரசியல் செய்தித்தாளை வேலையற்றோருக்குக் குறைந்த விலையில் கொடுத்தும் வாங்குவோர் வெகுவாகக் குறைந்தார்கள். ஒரு காலத்தில் சீராகப் பேணப்பட்ட பூங்காவில் புல் மண்டியது. அதைச் சீர்செய்ய ஊரில் எல்லோருக்கும் நேரம் இருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை.

ஆய்வாளர்கள் ஒரு ஜன்னலருகே கடிகாரத்தோடு அமர்ந்து, தெருவில் போகிறவர்களின் நடையைக் கணக்கிட்டார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறிய தெருவைக் கடப்பதற்குள் குறைந்தது இரண்டு முறை நின்றார்கள். நிற்காமல் நடந்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்களின் நடை சராசரியாக ஒன்றரை மடங்கு வேகமாக இருந்தது. சமையல், துவைப்பு, தையல், பிள்ளைகள் என்று அவர்களுக்குக் காலை முதல் இரவுவரை செய்ய ஏதோ ஒன்று இருந்தது. ஆண்களில் 100 பேரைப் பார்த்ததில் 88 பேரிடம் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இல்லை. மணி பார்க்கும் தேவையே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது ஆண்களின் குறிப்பேடுகள் பெரும்பாலும் வெறுமையாக வந்தன. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர மணிக்கணக்கான நேரம் எங்கே போனது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கியதும் பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்பியதும் ஒரு நாளின் பெரிய நிகழ்ச்சிகளாக இடம் பெற்றன. வேலைக்கு நடுவே கிடைத்தபோது இனித்த ஓய்வு, நாள் முழுக்க ஓய்வாகவே ஆனபோது பாரமாக மாறியது.

பெண்கள் சொன்ன செய்தி இதைவிட ஆழமானது. ஆலைக்கும் போய் வீட்டையும் பார்த்த காலத்தில் இரட்டைச் சுமை சுமந்தவர்கள் அவர்கள். நள்ளிரவுவரை துணி துவைத்தவர்கள். ஆனாலும் ஆலை திறந்தால் உடனே திரும்பிப் போவோம் என்று அவர்களில் பலர் சொன்னார்கள். காசு மட்டும் காரணமில்லை. நாலு பேரோடு பழகிய அந்த வாழ்க்கை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

சில ஷில்லிங்குகளின் வித்தியாசம்

இதைக் கொண்டு பணம் பெரிதில்லை என்று முடிவு கட்டினால் அது பிழை. அதே ஆய்வு பணத்தின் பங்கையும் கூர்மையாக அளந்தது. குடும்பங்களை ஆய்வாளர்கள் நான்கு வகையாகப் பிரித்தார்கள். வீட்டைப் பேணி, எதிர்காலத்துக்குத் திட்டமிட்டு, வேலை தேடிக்கொண்டே இருந்தவர்கள் மனம் தளராதவர்கள். வீடும் பிள்ளைகளும் ஒழுங்காக இருந்தும், இனி எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று அடங்கிப்போனவர்கள் இரண்டாம் வகை. ஏறக்குறைய 70 சதவீதத்தினர் இவர்களே. வீட்டை ஒழுங்காக வைத்திருந்தும் உள்ளுக்குள் உடைந்துபோனவர்கள் மூன்றாம் வகை. வீட்டையும் பிள்ளைகளையும் கவனிக்காமல் கைவிட்டவர்கள் நான்காம் வகை.

பெரியவர் ஒருவருக்கு இவ்வளவு என்ற அளவில் மாத வருமானத்தைக் கணக்கிட்டபோது, முதல் வகையினருக்கு 34 ஆஸ்திரிய ஷில்லிங், இரண்டாம் வகையினருக்கு 30, மூன்றாம் வகையினருக்கு 25, நான்காம் வகையினருக்கு 19 என்று வந்தது. எல்லோருமே ஏழைகள்தாம். ஆனாலும் மாதத்துக்கு நாலு முதல் ஆறு ஷில்லிங் குறையும்போது மனிதர் அடுத்த படிக்கு இறங்கினார்கள். நிவாரணமோ காலப்போக்கில் குறைந்து பிறகு நின்றுவிடும் ஏற்பாடாக இருந்தது. சிறிய கூலி வேலை பார்த்தால்கூட அது பறிபோகும். மரம் வெட்ட உதவி விறகு வாங்கிக்கொண்டவர் ஒருவரும், மவுத் ஆர்கன் வாசித்துச் சில்லறை பெற்றவர் ஒருவரும் அப்படி நிவாரணத்தை இழந்தார்கள். உழைக்கும் கையையும் கட்டிப்போட்டு, கொடுக்கும் தொகையையும் குறைத்துக்கொண்டே போன ஏற்பாடு அது.

வறுமை பிள்ளைகளின் ஆசையையும் சுருக்கியது. கிறிஸ்துமஸ் பரிசாக என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, மரியன்தால் பிள்ளைகள் கேட்ட பொருள்களின் விலை சராசரியாக 12 ஷில்லிங். சுற்றியிருந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டதோ 36 ஷில்லிங். அந்தச் சிறிய ஆசையையும், அப்பா அம்மாவிடம் பணம் இருந்திருந்தால் கேட்டிருப்பேன் என்ற தொனியிலேயே பலர் எழுதினார்கள்.

அதே வறுமைக்குள் ஆய்வாளர்கள் வேறொன்றையும் கவனித்தார்கள். உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைவித்தால் சில நாள் பசி ஆறும் தோட்டத் துண்டுகளில் சிலர் பூச்செடி வளர்த்தார்கள். கணக்குப் பார்ப்பவருக்கு அது வீண். வயிற்றுக்கு மட்டுமே வாழ்வதாகத் தம் வாழ்வு சுருங்கிவிடக் கூடாது என்ற பிடிவாதம் அந்தப் பாத்திகளில் இருந்தது.

வேலை சத்தமில்லாமல் தரும் ஐந்து

ஆய்வு 1933-ல் ஜெர்மானிய மொழியில் நூலாக வந்தது. ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்திருந்த நேரம். ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அவர்கள் பெயர்கள் நூலின் முகப்பில் இடம்பெறவில்லை. மூவருமே பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆஸ்திரியாவில் 1936-ல் கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்த யஹோடா, விடுதலையாகி பிரிட்டன் போனார். பின்னாளில் அங்கே சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மரியன்தாலில் கண்டதை அரை நூற்றாண்டு அசைபோட்டு, 1982-ல் வெளியிட்ட நூலில் அதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தார்.

வேலையின் வெளிப்படையான பயன் வருமானம். அதோடு யாரும் கேட்காமலே வேலை ஐந்து நன்மைகளைத் தருகிறது என்றார் அவர். முதலாவது, நாளுக்கு ஓர் ஒழுங்கு: எழ ஒரு நேரம், முடிக்க ஒரு நேரம். இரண்டாவது, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம். மூன்றாவது, தனியொருவரால் முடியாத ஒன்றைப் பலர் சேர்ந்து செய்கிறோம், அதில் நம் பங்கும் இருக்கிறது என்ற உணர்வு. நான்காவது, ஊரில் ஒரு மதிப்பும் அடையாளமும். நீங்கள் யார் என்ற கேள்விக்கு ஒரு விடை. ஐந்தாவது, கையும் காலும் மூளையும் தவறாமல் இயங்கக் கிடைக்கும் வாய்ப்பு.

கோயில் திருப்பணி, சங்கப் பணி, வீட்டுப் பராமரிப்பு போன்ற சம்பளமில்லாத வேலைகளும் இவற்றில் சிலவற்றைத் தருகின்றன. ஆனால் பெரும்பாலான மக்களுக்கு இந்த ஐந்தையும் ஒருசேர, நாள் தவறாமல் தருவது சம்பள வேலைதான். அதனால்தான் அது போகும்போது ஐந்தும் ஒரே நாளில் போகின்றன.

காசு கொடுத்தால் போதுமா?

வேலை தரும் நிறைவு அதில் வரும் காசால்தானா, வேலையாலா? வங்காளதேசத்தில் ரோஹிங்கியா அகதிகள் தங்கியிருந்த முகாம்களில் நடத்தி 2022-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது. அதில் 745 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு எளிய கணக்கெடுப்பு வேலை கொடுத்து வாரக் கூலி தந்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வேலை எதுவும் இல்லாமல் ஏறக்குறைய அதே தொகையை வாராவாரம் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவு ஒப்பீட்டுக்காக.

காசு மட்டும் பெற்றவர்களின் மனநிலை தேறவில்லை. வேலையும் கூலியும் பெற்றவர்களின் மனநிலை, குறிப்பாக ஆண்களுடையது, தெளிவாகத் தேறியது. வேலை பார்த்தவர்களில் 66 சதவீதத்தினர், கூலி இல்லாவிட்டாலும் இன்னும் சிறிது காலம் அந்த வேலையைச் செய்யத் தயார் என்றார்கள். கையில் ஒன்றும் இல்லாத அகதிகள் சொன்ன பதில் இது.

மதிப்பும் அடையாளமும் எவ்வளவு பெரியவை என்பதை 2014-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது. நெடுங்காலம் வேலையற்றிருந்தவர்கள் ஓய்வு பெறும் வயதை எட்டியதும் அவர்களின் வாழ்க்கை நிறைவு கூடியது. அவர்களின் அன்றாடத்தில் மாறியது மிகக் கொஞ்சம். நேற்றுவரை வேலையற்றவர், இன்றிலிருந்து ஓய்வூதியர் என்ற பெயர் மாற்றமே தலையை நிமிர்த்தியது. உழைக்க வேண்டிய வயதில் உழைக்காமல் இருக்கிறோம் என்ற குறுகல் நீங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஒரே வேலை, மூன்று பார்வை

வேலை கிடைத்துவிட்டாலே பொருளும் கிடைத்துவிடுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஏமி ரெஸ்னெஸ்கி 1997-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், மனிதர் தம் வேலையை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள் என்றார். சிலருக்கு அது பிழைப்பு. மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும், அவ்வளவே. சிலருக்கு அது ஏணி. அடுத்த பதவி, அடுத்த உயர்வு. சிலருக்கு அது தம்மைச் செய்ய அழைத்த பணி, செய்வதே நிறைவு. இந்த வேறுபாடு பதவியைப் பொறுத்து அமைவதில்லை. கல்லூரி நிர்வாக உதவியாளர்கள் 24 பேரைத் தனியே பார்த்தபோது, ஒரே மாதிரி வேலை செய்த அவர்களே ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரிந்தார்கள்.

அவரும் ஆய்வாளர் ஜேன் டட்டனும் பின்னர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைக் கவனித்தார்கள். சிலர் தம் வேலை தரையைத் துடைப்பது என்று மட்டுமே கருதினார்கள். வேலையை விரும்பவும் இல்லை. வேறு சிலர் அதே துடைப்பத்தோடு நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசினார்கள், செவிலியரின் வேலைக்கு இடைஞ்சல் வராதபடி தம் வேலையை வகுத்துக்கொண்டார்கள். நோயாளி குணமாவதில் தம் கையும் இருக்கிறது என்பது அவர்களின் எண்ணம். யஹோடா சொன்ன மூன்றாவது நன்மையை, அதாவது பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் தம் பங்கை, அவர்கள் தாமாகவே கண்டெடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக 157 விலங்குக் காட்சிசாலைகளைச் சேர்ந்த 982 பராமரிப்பாளர்களிடம் கேட்டார்கள். குறைந்த சம்பளமும் கடும் உழைப்பும் கொண்ட வேலை அது. அதைத் தம் பிறவிப் பணியாகக் கருதியவர்கள் ஆழ்ந்த நிறைவு கண்டார்கள். அதே காரணத்தால் சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் தம்மைச் சுரண்டவும் கூடும் என்ற ஐயத்தோடும் இருந்தார்கள். சேவை என்ற புகழ்ச்சொல்லைக் கொடுத்துவிட்டுக் கூலியைக் குறைப்பது நியாயமாகாது. மரியன்தாலின் சில ஷில்லிங் கணக்கு இங்கேயும் பொருந்தும். நிறைவு சம்பளத்துக்கு ஈடாகாது. சம்பளமும் நிறைவுக்கு ஈடாகாது.

மரியன்தாலில் மீண்டும்

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி தொடங்கியது. 1930-களின் ஆய்வு, வேலை பறிபோனால் என்ன ஆகிறது என்று பார்த்தது. வேலையை உறுதியாகக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க, கீழ் ஆஸ்திரிய மாநிலத்தின் அரசு வேலைவாய்ப்பு அமைப்பு 2020 அக்டோபரில் கிராமட்நொய்சீடலில் வேலை உறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த எல்லோருக்கும் முதலில் இரண்டு மாதப் பயிற்சி. பிறகு தனியார் நிறுவனத்தில் அரசு மானியத்தோடு வேலை. அது அமையாவிட்டால் ஊருக்குத் தேவையான மரவேலை, தோட்டவேலை, பராமரிப்பு போன்ற பணி. ஊதியம் தொழிற்சங்க ஒப்பந்தப்படி. சேர்வது அவரவர் விருப்பம்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்று அறியப்பட்ட, 2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கும் இதற்கும் அடிப்படை எண்ணம் ஒன்றே. அந்தச் சட்டம் ஒரு கிராமக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலையை உறுதி செய்தது. மரியன்தால் திட்டம் ஆளுக்கேற்ற வேலையைத் தொடர்ச்சியாகத் தர முயன்றது.

பங்கேற்பாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை முதலிலும் மற்றதைச் சில மாதங்கள் கழித்தும் சேர்த்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாக்சிமிலியன் காசியும் லூகாஸ் லேனரும் ஆராய்ந்தார்கள். யஹோடா வகுத்த அதே பட்டியலைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். வேலை பெற்றவர்களின் வருமானப் பாதுகாப்பு கூடியது. நாள் ஒழுங்கு, பழக்கவழக்கம், ஊரின் மதிப்பு, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு ஆகியனவும் கூடின. உடல்நலத்தில் மட்டும் அந்தக் குறுகிய காலத்தில் மாற்றம் தெரியவில்லை.

1931-ல் ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்தவர்கள், வேலையைப் பறித்துக்கொண்டால் எது எது கூடவே போகிறது என்று கண்டார்கள். 2020-க்குப் பின் வந்தவர்கள், கொடுத்தால் அவையே திரும்பி வருகின்றன என்று கண்டார்கள். கூலி கையில் இருந்தால் அடுப்பு எரியும், பிள்ளை தயங்காமல் ஆசைப்படும், தோட்டத்தில் பூச்செடிக்கும் இடம் கிடைக்கும். எழுந்து போக ஓர் இடமும், அங்கே எதிர்பார்த்திருக்க நாலு பேரும், தன்னால் நடந்தது இது என்று காட்ட ஒரு காரியமும் இருந்தால் மனிதர் தெருவில் நிற்காமல் நடப்பார். ஒரு வேலையைத் தேடுகிறவரும், ஒருவருக்கு வேலை கொடுக்கிறவரும், வேலைக்கான திட்டம் வகுக்கும் அரசும் இந்த இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.